ஸ்பீக்கர் வயருக்கு எவ்வளவு காசு போடலாம்?



இந்த வார எபிசோடில வீட்டு ஹை-ஃபை பற்றிக் கதைச்சோம். ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் முடிச்சு கேபிள் விஷயத்துக்கு வரேக்க நேரம் போயிட்டுது. பிறகு வந்த குரல் மெசேஜ்களைக் கேட்டால் முக்கால்வாசியும் கேபிளைப் பற்றித்தான். அதில ஒன்றுக்கு இங்க ஆறுதலாப் பதில் எழுதுறோம். உங்களில் கனபேருக்கு அதே கேள்வி இருக்கும்.

மெசேஜ் அனுப்பினவ லண்டனில் இருக்கிற ஒரு தங்கச்சி. அப்பாவின் 60ஆவது பிறந்தநாளுக்கு அவவும் அவவின் அண்ணாவும் காசு சேர்த்து ஒரு நல்ல சிஸ்டம் வாங்கிக் குடுக்கப் போறாங்கள். மொத்தம் 900 பவுண்ட். அப்பா ஊரிலயிருந்து கொண்டு வந்த கச்சேரி கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்காம். அதுகளைத் திரும்பவும் ஒழுங்காக் கேக்க வைக்க வேணும், அவ்வளவுதான் ஆசை. அவ சொன்னது இது:

"அண்ணா, கடையில 300 பவுண்டுக்குக் கேபிள் வாங்கச் சொல்லுறாங்கள். சும்மா வயர் போட்டால் ஸ்பீக்கருக்குக் குடுத்த காசே வீணாம். உண்மையா? அப்பிடி எண்டால் ஸ்பீக்கரில 300 குறைக்க வேணும்."

சுருக்கமான பதில்: இல்லை தங்கச்சி, ஸ்பீக்கரில குறைக்க வேண்டாம். "எல்லா வயரும் ஒண்டுதான்" என்று சொல்லுறதும் சரியில்லை. சில இடங்களில் கேபிள் உண்மையாவே சத்தத்தை மாத்தும். எங்க மாத்தும், எங்க மாத்தாது என்று தெரிஞ்சால் 60 பவுண்டுக்குள்ள வேலை முடியும்.

மூன்று கேபிள், மூன்று பிரச்சினை

வீட்டு சிஸ்டத்தில மூன்று வகைக் கேபிள் இருக்கு.

முதலாவது ஸ்பீக்கர் கேபிள். ஆம்ப்பிலயிருந்து ஸ்பீக்கருக்குப் போறது. இதில பெரிய கரண்ட் ஓடும். இதுக்குப் பிரச்சினை மின்தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ்.

இரண்டாவது, கேசட் டெக், சிடி பிளேயர் போன்றதுகளை ஆம்ப்போட இணைக்கிற கேபிள். சிவப்பும் வெள்ளையுமா இருக்கிற ஆர்சிஏ வயர். இதில ஓடுறது சின்ன சிக்னல். இதுக்குப் பிரச்சினை வெளியிலயிருந்து வந்து ஒட்டிக்கொள்ளுற இரைச்சல்.

மூன்றாவது டிஜிட்டல் கேபிள். ஆப்டிகல், எச்டிஎம்ஐ, யூஎஸ்பி. இதில சத்தம் போகாது, இலக்கங்கள்தான் போகும். அந்த இலக்கங்கள் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

கடையில "நல்ல கேபிள்" என்று பொதுவாச் சொன்னால், உடனே "இந்த மூன்றில எந்தப் பிரச்சினைக்கு நல்லது?" என்று கேளுங்கோ. பாதிக் கதை அதோட முடிஞ்சிடும்.

ஸ்பீக்கர் கேபிள்: ஒரு சின்னக் கணக்கு

உங்கட ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று ஒரு இலக்கம் இருக்கும். அது ஒரு சராசரி மாதிரித்தான். உண்மையில ஸ்பீக்கரின் தடை சுருதிக்குச் சுருதி மாறும். 8 ஓம் என்று எழுதியிருக்கிற ஸ்பீக்கர் ஒரு இடத்தில 5 ஓமுக்கு இறங்கும், வேறொரு இடத்தில 20 ஓமுக்கு மேல ஏறும்.

வயரின் தடை மிகக் குறைவாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தால ஒரு பிரச்சினையும் இல்லை. வயர் மெல்லிசாக இருந்தால், ஸ்பீக்கரின் தடை இறங்குற இடங்களில் வயர் கூடப் பங்கை எடுத்துக்கொள்ளும். அந்தச் சுருதிகள் கொஞ்சம் அமுங்கும். மெல்லிய வயரில சத்தம் வேற மாதிரி இருக்கு என்று சொல்லுறவை பொய் சொல்லேல்லை. அதுக்குக் காரணம் இதுதான்.

அப்ப எவ்வளவு தடிப்பு வேணும்? மக்கின்டோஷ் நிறுவனத்தில ஒலியியல் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் ரசல் என்ற பொறியியலாளர் ஒரு எளிய விதியைப் பிரபலப்படுத்தினவர். போக, வர இரண்டு பக்கத்து வயரின் தடையையும் கூட்டினால், அது ஸ்பீக்கரின் தடையில் 5 வீதத்துக்குள்ள இருக்க வேணும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம்.

இனிச் செம்புக் கணக்கு. ஆம்ப்பிலயிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் என்று வைப்போம். போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர் செம்பு. அதின் தடை:

- 0.5 சதுர மில்லிமீட்டர் வயர்: சுமார் 0.34 ஓம்
- 0.75 சதுர மில்லிமீட்டர்: சுமார் 0.23 ஓம்
- 1.5 சதுர மில்லிமீட்டர்: சுமார் 0.11 ஓம்
- 2.5 சதுர மில்லிமீட்டர்: சுமார் 0.07 ஓம்

பாருங்கோ, 0.75 வயர் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சரி, 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போதாது. 2.5 வயர் இரண்டுக்கும் தாராளம். 8 ஓம் ஸ்பீக்கரோட 5 மீட்டரில அது குறைக்கிற சத்தம் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. 10 மீட்டர் இழுத்தாலும் 4 ஓம் எல்லைக்குள்ளதான் நிற்கும். அதாவது சாதாரண இருப்பறைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். அதுக்கு மேல குடுக்கிற காசு பார்வைக்கும் பெட்டிக்கும்தான் போகும்.

கனடா, அமெரிக்காவில இருக்கிற ஆக்களுக்கு: அங்க தடிப்பை கேஜ் இலக்கத்தில சொல்லுவாங்கள். இலக்கம் குறையக் குறைய வயர் தடிக்கும். 16 கேஜ் சுமார் 1.3 சதுர மில்லிமீட்டர், 14 கேஜ் சுமார் 2.1, 12 கேஜ் சுமார் 3.3. 14 எடுத்தால் அநேகமா எல்லா வீட்டுக்கும் சரி.

இன்னொரு சந்தேகமும் வந்தது. இடது ஸ்பீக்கருக்கு 3 மீட்டர், வலதுக்கு 5 மீட்டர் என்றால் சத்தம் முந்திப் பிந்தி வருமா? அந்த 2 மீட்டரைக் கடக்க மின் சிக்னலுக்கு ஒரு விநாடியில் சுமார் 10 கோடியில் ஒரு பங்கு நேரம்தான் எடுக்கும். உங்கட தலையை ஒரு மில்லிமீட்டர் அசைச்சால் அதைவிடக் கூட வித்தியாசம் வரும்.

ஏமாறக்கூடிய இடம்

வயர் வாங்கேக்க உண்மையாக் கவனிக்க வேண்டியது விலையை இல்லை, உள்ளுக்கு என்ன உலோகம் என்பதை. சிசிஏ என்று ஒரு வகை இருக்கு. உள்ளுக்கு அலுமினியம், மேல மெல்லிசாச் செம்புப் பூச்சு. பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும். அதே தடிப்பில அதின் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அலுமினியம் கெதியாக முறியும், திருகி இறுக்கிற இடத்தில உடையவும் கூடும்.

கண்டுபிடிக்கிறது சுகம். சுருளைத் தூக்கினால் பாரமே இருக்காது. ஒரு இழையை எடுத்துக் கத்தியால சுரண்டினால் உள்ளுக்கு வெள்ளி நிறம் தெரியும். (சில நல்ல செம்பு வயர்களுக்கு மேல ஈயம் பூசியிருப்பாங்கள். அதில வெளியில வெள்ளி நிறம், சுரண்டினால் உள்ளுக்குச் செம்பு.) ஆன்லைனில வாங்கினால், "செம்பு" என்று பெரிசா எழுதினதை நம்பாமல் விவரப் பட்டியலில சிசிஏ என்ற எழுத்து இருக்கா என்று கடைசிவரை வாசியுங்கோ. மலிவு என்று தெரிஞ்சு, ஒரு அளவு தடிப்பாக வாங்கினால் சிசிஏயும் வேலை செய்யும். செம்பு என்று நினைச்சு வாங்கிறதுதான் பிழை.

என்ர மூன்று வருஷப் பிழை

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெக்கம்தான். முதல் வேலைச் சம்பளத்தில நானும் விலை கூடின ஸ்பீக்கர் கேபிள் வாங்கினனான். பூட்டி முடிச்சு, "ஆகா, என்ன தெளிவு" என்று எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சன். மூன்று வருஷம் கழிச்சு அப்பா வந்து ஒரு கச்சேரி கேட்டார். ஐந்து நிமிஷத்தில, "மிருதங்கம் என்னடா தகர டப்பா மாதிரிக் கேக்குது? தொப்பிப் பக்கத்தையே காணேல்லை" என்றார்.

பின்னால போய்ப் பார்த்தால், ஒரு ஸ்பீக்கரில சிவப்பும் கறுப்பும் மாறிக் கிடக்குது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னுக்குத் தள்ளேக்க மற்றது பின்னுக்கு இழுக்குது. தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழிச்சிடும். அதனாலதான் தொப்பியின் கும்கி மெலிஞ்சு போச்சு, வலந்தலையின் மேல் சுருதி மட்டும் கேட்டது. பாடுறவரின் குரலும் நடுவில நிற்காமல் அறை முழுக்கச் சிதறும்.

விலை கூடின கேபிள் அதைத் தடுக்கேல்லை. வயரை மாத்திப் போட ஒரு நிமிஷம், செலவு ஒன்றும் இல்லை. ஆகவே பூட்டேக்க இந்த மூன்றையும் பாருங்கோ:

1. இரண்டு ஸ்பீக்கரிலயும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. வயரில ஒரு பக்கத்தில கோடோ எழுத்தோ இருக்கும். அந்தப் பக்கத்தை எப்பவும் சிவப்புக்கு என்று வையுங்கோ.

2. ஒரு இழை கூட வெளியில நீட்டிக்கொண்டு மற்றப் பக்கத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட் ஆகும், ஆம்ப்பே பழுதாகலாம். வயர் பூட்டேக்க ஆம்ப்பை நிப்பாட்டி, பிளக்கையும் கழட்டி வையுங்கோ.

3. பனானா பிளக் போட்டால் இழைப் பிரச்சினை வராது, கழட்டிப் பூட்டவும் சுகம். சத்தம் கூடாது, வசதிதான். ஐரோப்பாவில வாங்கின ஆம்ப்பில பனானா ஓட்டைக்குள்ள சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அங்கத்தைய சுவர் சாக்கெட்டுக்குள்ளயும் அந்தப் பிளக் போகும் என்ற பயத்தில வந்த பாதுகாப்பு விதி அது. மூடியைக் கிளப்பி எடுத்திட்டுப் பூட்டலாம்.

சிவப்பு, வெள்ளை வயர்கள்

சிடி பிளேயரிலயிருந்து வாற சிக்னல் உச்சத்தில சுமார் 2 வோல்ட். கேசட் டெக்கில அதைவிடக் குறைவு. ஓடுற கரண்ட் மிக மிகச் சின்னது. அதனால செம்பின் தடிப்பு இங்க முக்கியமில்லை. முக்கியம், சிக்னல் வயரைச் சுற்றி நல்ல பின்னல் கவசம் இருக்க வேணும், இரண்டு முனையிலயும் பிளக் இறுக்கமா நிற்க வேணும். ஒரு மீட்டர் நீளத்தில சாதாரண, ஒழுங்காச் செய்த வயர் போதும். தேவைக்கு மேல நீளம் வேண்டாம். பவர் வயர்களோட சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

இதுக்கு ஒரு விதிவிலக்கு ரெக்கார்ட் பிளேயர். அதின் ஊசியிலயிருந்து வாற சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதைப் பலநூறு மடங்கு பெருப்பிக்கேக்க ஒட்டின இரைச்சலும் சேர்ந்து பெருக்கும். அதோட, கேபிளின் கெபாசிட்டன்ஸ் என்ற குணம் அதிகமானால் மேல் சுருதிகளின் தன்மையே மாறும். அதனால ரெக்கார்ட் பிளேயருக்குக் கட்டையான கேபிள், எர்த் வயரை மறக்காமல் பூட்ட வேணும்.

"உம்ம்ம்" என்ற சத்தம்

கேபிளைப் பற்றி வாற முறைப்பாடுகளில முதலிடம் இதுக்குத்தான். பாட்டு நிற்பாட்டினாலும் ஸ்பீக்கரில ஒரு உறுமல். பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில 60 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வும் அதின் மடங்குகளும்தான் நீங்கள் கேக்கிறது.

பெரும்பாலும் காரணம், இரண்டு கருவிகள் இரண்டு வழியால எர்த்தோட இணைஞ்சு ஒரு வளையம் உருவாகிறது. டிவி ஏரியல் வயர், லாப்டாப் சார்ஜர் இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். கண்டுபிடிக்க, ஆம்ப்புக்குள்ள போற வயர்களை ஒவ்வொன்றாக் கழட்டுங்கோ (ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் குறைச்சுப்போட்டு). எதைக் கழட்டினதும் உறுமல் நிக்குதோ, அதுதான் வழி. அது டிவி என்றால் ஆர்சிஏக்குப் பதிலா ஆப்டிகல் கேபிள் போடுங்கோ. அதில ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. வளையம் அறுந்திடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீங்கோ. பிளக்கின் எர்த் கம்பியைக் கழட்டினால் உறுமல் நிக்கும் என்று சில பேர் சொல்லுவினம். நிக்கும்தான். ஆனால் உள்ளுக்கு ஏதும் பழுதானால் ஆம்ப்பின் உலோக உடம்பில மின்சாரம் ஏறி நிற்கும், தொடுறவருக்கு உயிர் ஆபத்து. அப்பாவின் கை போற இடம் அது.

டிஜிட்டல் கேபிள்

இங்க பதில் மிகச் சுருக்கம். ஆப்டிகல் கேபிளில போற 0களும் 1களும் சரியாப் போய்ச் சேர்ந்தால் 8 பவுண்ட் கேபிளும் 80 பவுண்ட் கேபிளும் ஒன்றுதான். கேபிள் பழுது என்றால் "கொஞ்சம் இனிமை குறைஞ்சு" கேக்காது. சத்தம் விட்டு விட்டு வரும், டிக் டிக் என்று வெடிக்கும், அல்லது ஒன்றுமே வராது. ஆப்டிகல் கேபிளை மட்டும் கூர்மையா மடிக்காதீங்கோ.

கடைக்காரர் சொல்லுற சொற்கள்

ஓஎஃப்சி, அதாவது ஒக்சிஜன் நீக்கின செம்பு: கெட்ட பொருள் இல்லை, ஆனால் சாதாரண மின்வயர்ச் செம்பைவிட அதின் கடத்துதிறன் கூடினால் ஒரு வீதம்தான் கூட. இப்ப மலிவு வயர்களிலயும் அது இருக்கு. அது சிசிஏ இல்லை என்று உறுதிப்படுத்த அந்த எழுத்து உதவும், அவ்வளவுதான்.

வயரில அம்புக்குறி: ஸ்பீக்கர் வயரில ஓடுறது முன்னும் பின்னுமாப் போய்வாற கரண்ட். அதுக்குத் திசை இல்லை. சில ஆர்சிஏ வயர்களில கவசத்தை ஒரு முனையில மட்டும் இணைச்சிருப்பாங்கள், அதில மட்டும் அம்புக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

"100 மணித்தியாலம் ஓடினால் கேபிள் பழகும்": பழகிறது உங்கட காது. திருப்பிக் குடுக்கிற நாளும் அதுக்குள்ள கடந்திடும்.

நம்பாட்டில் நீங்களே சோதியுங்கோ

2007இல் அமெரிக்காவில ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரரின் அறக்கட்டளை ஒரு சவால் விட்டது. 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளையும் சாதாரண நல்ல கேபிளையும் கண்ணால பார்க்காமல், காதால மட்டும் பிரிச்சுச் சொன்னால் பத்து லட்சம் டாலர் பரிசு. கடைசியில அந்தச் சோதனை நடக்கவே இல்லை. ஆனால் முறை நல்லது, அதை வீட்டில செய்யலாம்.

தம்பியையோ தங்கச்சியையோ ஸ்பீக்கருக்குப் பின்னால விடுங்கோ. நாணயம் சுண்டி, எந்தக் கேபிள் என்று அவையே முடிவெடுத்துப் பூட்டட்டும். அதே பாட்டு, அதே வால்யூம். எந்தக் கேபிள் என்று நீங்கள் எழுதுங்கோ. 10 தரம். 5, 6 சரி வந்தால் அது வெறும் ஊகம். 9 அல்லது 10 சரி வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் சும்மா ஊகிச்சு அப்பிடி வாறதுக்கு வாய்ப்பு சுமார் 100இல் ஒன்று. வால்யூம் சமனா இருக்க வேணும் என்பதை மறக்காதீங்கோ. கொஞ்சம் சத்தம் கூடின பக்கம் எப்பவும் "தெளிவா" இருக்கிற மாதிரித்தான் தோன்றும்.

தங்கச்சிக்கு எங்கட பட்டியல்

- 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஸ்பீக்கர் வயர், 10 மீட்டர். முதலில தரையில நூல் பிடிச்சு அளந்து பாருங்கோ, குறைவாகவும் போதும்.
- பனானா பிளக், விரும்பினால் 8.
- கேசட் டெக்குக்கு ஒரு மீட்டர் ஆர்சிஏ வயர், ஒரு சோடி.
- டிவிக்கு ஒரு ஆப்டிகல் கேபிள், ஆம்ப்பில அந்த வழி இருந்தால்.

எல்லாம் சேர்த்து 60 பவுண்டுக்குள்ள வரும். மிச்சம் 240ஐ ஸ்பீக்கரில போடுங்கோ. அதில ஒரு பகுதியை ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கும், முன்னால விரிக்க ஒரு தடிச்ச கம்பளத்துக்கும் எடுத்து வையுங்கோ. ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலயிருந்து வெளியில இழுத்து, அப்பா இருக்கிற கதிரையைப் பார்த்துத் திருப்பினால் வாற வித்தியாசத்தை எந்தக் கேபிளும் தராது.

பழைய கேசட் என்பதால இன்னொன்று. போட முதல் டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹோல் நனைச்ச பஞ்சுக் குச்சியால துடையுங்கோ. வருஷக்கணக்கில சேர்ந்த அழுக்குத்தான் சத்தத்தை மந்தமாக்கும். அந்த வேலைக்கு ஐந்து பவுண்ட் கூட வராது.

பிறந்தநாள் அன்று முதல் கேசட் ஓடேக்க அப்பாவிடம் கேளுங்கோ, தொப்பி கேக்குதா என்று. கேட்டால் சிவப்பும் கறுப்பும் சரி. என்ன கேசட் என்று எங்களுக்கும் ஒரு மெசேஜ் போடுங்கோ.

மற்ற ஆக்களும் எழுதுங்கோ. உங்கட வீட்டு உறுமல் எந்த வயரால வந்தது? அடுத்த எபிசோடில சந்திப்போம்.